பார்சிலோனா முற்றுகை, 1713–1714: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் ஆட்டம் தொடங்கிப் பதினேழு நிமிடம் பதினான்கு விநாடி ஆனதும் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் எழுந்து ‘விடுதலை’ என்று முழங்குவதுண்டு. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு, ‘அது என்ன கணக்கு?’ என்று கேட்பவர்கள் பலர். 17, 14 என்ற அந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஓர் ஆண்டைக் குறிக்கின்றன. அந்த ஆண்டைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு நகரத்தை ஓராண்டுக்கு மேல் முற்றுகையிடும் அளவுக்கு அப்படி என்ன தகராறு?

வாரிசுத் தகராறு. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் 1700 நவம்பர் 1 அன்று பிள்ளையில்லாமல் இறந்தார். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் பேரனான பிலிப்புக்கு நாட்டை உயில் எழுதி வைத்திருந்தார். பிரான்சும் ஸ்பெயினும் ஒரே குடும்பத்தின் கைக்குள் போவதை ஆஸ்திரியாவும் இங்கிலாந்தும் டச்சுக்காரர்களும் பொறுக்கவில்லை. ஆஸ்திரிய இளவரசர் சார்லசுக்கே ஸ்பெயின் சேர வேண்டும் என்று சொல்லி அவர்கள் போரில் இறங்கினார்கள். ஸ்பெயின் வாரிசுரிமைப் போர் என்று இதைச் சொல்கிறோம். அந்தப் போர் முடிவுக்கு வந்து, அரசர்களில் பெரும்பாலோர் கைகுலுக்கிப் பிரிந்த பிறகு நடந்ததுதான் பார்சிலோனா முற்றுகை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

கேட்டலோனியர்கள் ஆஸ்திரியா பக்கம் சாய்ந்தது ஏன்?

அன்றைய ஸ்பெயின் ஒரே சட்டத்தின் கீழ் இருந்த நாடு அல்ல. காஸ்டீல், அரகோன், வலென்சியா, கேட்டலோனியா ஆகியவை ஒரே மன்னரை ஏற்றுக்கொண்டிருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமும் தனி அவையும் தனி வரிமுறையும் இருந்தன. கேட்டலோனியாவின் தலைநகரான பார்சிலோனாவை ‘நூற்றுவர் அவை’ ஆண்டது. பிரபுக்களும் வணிகர்களும் மட்டுமல்லாமல் கைவினைஞர்களும் அந்த அவையில் உட்கார்ந்தார்கள். மன்னராக வருபவர் இந்த உரிமைகளைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். பிலிப்பும் முதலில் செய்தார். ஆனால் பிரெஞ்சு ஆட்சிமுறை எப்படிப்பட்டது என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர்கள் கேட்டலோனியர்கள். 1690களின் போரில் பிரெஞ்சுக் குண்டுகள் தங்கள் நகரத்தில் விழுந்ததை அவர்கள் மறந்திருக்கவில்லை.

இந்த மனநிலையில் இங்கிலாந்து வந்து கதவைத் தட்டியது. 1705 ஜூன் 20 அன்று ஜெனோவாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கேட்டலோனியர்கள் ஆஸ்திரிய இளவரசருக்காக ஆயுதம் ஏந்த வேண்டும். இங்கிலாந்து படையும் ஆயுதமும் தரும். போர் எப்படி முடிந்தாலும் கேட்டலோனியாவின் சட்டங்களும் உரிமைகளும் காக்கப்படும் என்பது அதில் இருந்த உறுதி. ‘எப்படி முடிந்தாலும்’ என்ற சொல்லை நம்பித்தான் ஒரு நாடே இறங்கியது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நேச நாட்டுப் படைகள் பார்சிலோனாவைப் பிடித்தன. சார்லஸ் அங்கே அரசவை அமைத்தார்.

பிறகு இங்கிலாந்து எப்படிக் கைவிட்டது?

ஒரு மரணமும் ஓர் ஆட்சி மாற்றமும் காரணம். 1711 ஏப்ரலில் ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் ஜோசப் அம்மை நோயில் இறந்தார். அவருடைய தம்பிதான் பார்சிலோனாவில் இருந்த சார்லஸ். அண்ணனின் நாற்காலி தம்பிக்கு வந்தது. ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஒருவரே ஆள்வதென்றால், பிரான்சும் ஸ்பெயினும் சேர்வதைவிட அது எந்த வகையில் நல்லது என்று லண்டன் யோசித்தது. அதற்கு முன்பே அங்கே டோரி கட்சியினர் ஆட்சிக்கு வந்திருந்தார்கள். செலவு மிகுந்த போரை முடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது கிடைத்துவிட்டது.

1713இல் உட்ரெக்ட் நகரில் சமாதானம். பிரிட்டனுக்கு ஜிப்ரால்ட்டரும் மினோர்க்காவும், ஸ்பானிய அமெரிக்காவுக்கு அடிமைகளைக் கொண்டுபோய் விற்கும் ஏகபோக உரிமையும் கிடைத்தன. கேட்டலோனியர்களுக்குக் கிடைத்தது அந்த ஆண்டு ஜூலையில் பிரிட்டனும் ஸ்பெயினும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு. அதன்படி அவர்களுக்குப் பொதுமன்னிப்பு உண்டு. காஸ்டீல் மக்களுக்கு இருக்கும் உரிமைகள் அனைத்தும் அவர்களுக்கும் உண்டு. படிக்கும்போது தாராளமாகத் தோன்றும். காஸ்டீலின் உரிமை கிடைக்கும் என்றால் சொந்த உரிமை போய்விடும் என்பதுதான் அதன் பொருள். காக்கிறோம் என்று எட்டாண்டுகளுக்கு முன் கையெழுத்துப் போட்ட அதே அரசு, அழிக்கச் சம்மதம் தந்து இப்போது கையெழுத்துப் போட்டது. இந்தப் பிரிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

லண்டனில் இதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘கேட்டலோனியர் விவகாரம்’ நாடாளுமன்றத்தில் எழுந்தது. நம்பியவர்களைக் கைவிட்டது தேசத்துக்கு அவமானம் என்று 1714இல் துண்டுநூல்கள் அச்சாகி வெளிவந்தன. எழுத்து வந்தது, கப்பல் வரவில்லை.

துணைக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு சரணடைந்திருக்கலாமே?

நகரத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுந்தது. 1713 ஜூன் 22 அன்று ஓஸ்பிட்டாலெட் என்ற இடத்தில் ஆஸ்திரியத் தளபதி ஷ்டாரம்பெர்க்கின் தரப்பு, தன் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கேட்டலோனியாவின் உரிமைகளைப் பற்றி அதில் உறுதி எதுவும் இல்லை. உடனே பார்சிலோனாவில் குருமார், பிரபுக்கள், நகர மக்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பேரவை கூடியது. பணிந்துபோகலாம் என்று சொன்னவர்கள் குறைவாக இல்லை. ஆனால் 1707இல் வலென்சியாவுக்கும் அரகோனுக்கும் என்ன நேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அல்மான்சா போரில் தோற்ற சில வாரங்களில் அந்த இரண்டு நாடுகளின் சட்டங்களையும் பிலிப் ஒரே ஆணையில் ரத்து செய்திருந்தார். பணிந்தாலும் அதே கதிதான் என்று கண்டவர்கள் போராட முடிவு செய்தார்கள். ஜூலை 9 அன்று தெருக்களில் போர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. ஜூலை 25 அன்று பிலிப்பின் படை மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்தது.

இதை வீம்பு என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அவர்கள் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. பிரிட்டன் ராணி ஆனின் உடல்நிலை மோசம். அவர் இறந்தால் லண்டனில் ஆட்சி மாறும். மாறினால் கப்பல் வரும். அதுவரை மதில் நின்றால் போதும்.

நகரத்தைக் காத்தவர்கள் யார்? ராணுவமா, மக்களா?

இரண்டும். ஆனால் பெரும்பகுதி மக்கள்.

‘கொரொனேலா’ என்பது பார்சிலோனாவின் நகரக் காவல்படை. தொழில் சங்கங்கள்தான் அதன் அடித்தளம். தையற்காரர்களுக்கு ஒரு கம்பெனி (சிறு படைப்பிரிவு), செருப்புத் தைப்பவர்களுக்கு ஒன்று, தச்சர்களுக்கு ஒன்று, பொன் வெள்ளி வேலை செய்பவர்களுக்கு ஒன்று என்று ஒவ்வொரு தொழிலும் தன் ஆட்களைத் தந்தது. சட்ட மாணவர்களும் தனிக் கம்பெனியாகத் திரண்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆறு பட்டாளங்களாகப் பிரிந்து முறை வைத்து மதிலில் நின்றார்கள். காவல் முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் கடையைத் திறந்து ஊசியையோ உளியையோ எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று சுடுகிறவன் பக்கத்துப் பட்டறைக்காரன். அந்தத் தெருவின் ஒற்றுமை அப்படியே மதில் மேல் ஏறியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இவர்களோடு ஊதியம் பெறும் படையினரும் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்டலோனியர்கள் அல்லர். தங்கள் நாட்டை ஏற்கெனவே இழந்து வந்த வலென்சியர்கள், அரகோனியர்கள், காஸ்டீலியர்கள், தாயகம் திரும்ப மறுத்த ஜெர்மானியர்கள் என்று கலந்திருந்தார்கள். பீரங்கிப் படையை நடத்திய ஜோன் பப்டிஸ்டா பாசெட் வலென்சியர். தலைமைத் தளபதி அந்தோனியோ டி விய்யரோயெல், போரின் தொடக்கத்தில் பிலிப்பின் படையில் இருந்து பிறகு பக்கம் மாறியவர். 1713 நவம்பர் இறுதியில் வழக்கறிஞர் ரஃபேல் காசனோவா நகரத்தின் தலைமை உறுப்பினராகத் தேர்வானார். அந்தப் பதவியில் இருப்பவரே கொரொனேலாவின் கர்னலும் ஆவார். வாழ்நாள் முழுக்கச் சட்டப் புத்தகம் புரட்டியவர் அன்று முதல் படைத்தலைவர்.

முதல் ஓராண்டு என்ன நடந்தது?

பெரிய தாக்குதல் இல்லை. முற்றுகையை நடத்திய போப்போலி பிரபுவிடம் நகரத்தைச் சுற்றி வளைக்க ஆள் இருந்தது. மதிலை உடைக்கும் பலம் இல்லை. கடலிலும் முற்றுகை போட்டார்கள். ஆனால் இன்னும் பணியாதிருந்த மயோர்க்கா தீவிலிருந்து படகுகள் இருளில் நழுவி வந்து தானியமும் வெடிமருந்தும் இறக்கின. 1714 வசந்தத்தில் போப்போலி வீடுகள் மேல் குண்டு வீசத் தொடங்கினார். கூரை இழந்தவர்கள் கடற்கரையிலும் மோன்ட்ஜுயிக் குன்றின் பக்கமும் தங்கினார்கள். மதிலுக்கு வெளியே போயல் பிரபு கிராமங்களில் ஆள் திரட்டி எதிரியை அலைக்கழித்துக்கொண்டிருந்தார்.

மதில் எப்படி உடைந்தது? பெர்விக் என்பவர் யார்?

1714 மார்ச்சில் ராஸ்டாட் உடன்படிக்கை மூலம் பிரான்சும் ஆஸ்திரியாவும் சமாதானம் ஆயின. பிரான்சின் படைகளுக்கு வேறு வேலை இல்லாமல் போனது. ஜூலை 7 அன்று பெர்விக் பிரபு வந்து பொறுப்பேற்றார். முற்றுகைப் படை நாற்பதாயிரம் அளவுக்குப் பெருகியது.

பெர்விக் நாடிழந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்சுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்தவர். பிரான்சின் மார்ஷல். பிரெஞ்சுக்காரர்களைத் தொடர்ந்து தோற்கடித்த ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ அவருக்குத் தாய்மாமன். அல்மான்சாவில் வென்றவரும் இவரே.

முற்றுகை என்றால் ஏணி சாத்தி ஏறுவது என்று நினைக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அது மண்வெட்டியின் வேலை. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் வகுத்த முறை இது: பீரங்கி எட்டாத தூரத்தில், மதிலுக்கு இணையாக ஒரு நீண்ட பதுங்குகுழி வெட்டுவார்கள். அங்கிருந்து நகரத்தை நோக்கி நேராக வெட்டினால் மேலிருந்து சுடுகிறவனுக்கு வசதியாகிவிடும். ஆகவே பாம்பு நெளிவதுபோல் வளைத்து வளைத்து முன்னேறுவார்கள். இன்னும் அருகில் இரண்டாவது இணைகுழி, அகழிக்கு எதிரே மூன்றாவது. பிறகு கனமான பீரங்கிகளை அங்கே கொண்டுவந்து மதிலின் ஒரே இடத்தை நாள்கணக்கில் அடிப்பார்கள். கல் சரிந்து அகழியில் விழுந்து, ஏரிக்கரை உடைந்ததுபோல் ஒரு சரிவு உண்டாகும். அந்த உடைப்பின் வழியே காலாட்படை ஏறும்.

ஜூலை 12 இரவு முதல் குழி வெட்டப்பட்டது. மோன்ட்ஜுயிக் கோட்டையின் பீரங்கிகள் எட்டாத, நகரத்தின் கிழக்குப் பக்கத்துச் சமவெளியைப் பெர்விக் தேர்ந்தெடுத்தார். மறுநாளே விய்யரோயெல் வெளியே படை அனுப்பிக் குழியைத் தாக்கினார், பலிக்கவில்லை. காத்தவர்களும் உடைப்புக்கு உட்புறமாக இன்னொரு தடுப்பை எழுப்பத் தொடங்கினார்கள். முற்றுகையிடுவதை உழிஞை என்றும் மதில் காப்பதை நொச்சி என்றும் நம் இலக்கணிகள் தனித்தனிப் பெயரிட்டதன் நியாயம் இந்த வாரங்களைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஆகஸ்ட் மாதத் தாக்குதலில் உண்மையிலேயே காவலர்கள் வென்றார்களா?

வென்றார்கள். ஆகஸ்ட் 12 அன்று போர்த்தல் நோவ் கொத்தளத்தின் மேலும், அடுத்த இரண்டு நாட்களில் சாந்தா கிளாரா கொத்தளத்தின் மேலும் பெர்விக் படையை ஏவினார். சாந்தா கிளாராவை எதிரி பிடித்தான்; ஓர் இரவும் ஒரு பகலும் கைகலந்து போரிட்டு மீட்டார்கள். சட்ட மாணவர்களின் கம்பெனி அங்கேதான் சிதைந்தது. அதே நாட்களில் உள்நாட்டில் தாலமான்காவில் போயல் பிரபுவும் வென்றார்.

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். ராணி ஆன் ஆகஸ்ட் 1 அன்று இறந்தார் என்று ஆங்கில நூல்கள் சொல்லும். இங்கிலாந்து அப்போது பழைய நாள்காட்டியைப் பின்பற்றியது. பார்சிலோனா கணக்கில் அது ஆகஸ்ட் 12. அதாவது கொத்தளத்தின் மேல் முதல் தாக்குதல் நடந்த அதே நாள். நகரம் எந்த மரணத்துக்காகக் காத்திருந்ததோ அது நடந்துவிட்டது. ஆனால் புதிய மன்னர் முதலாம் ஜார்ஜ் ஹானோவரிலிருந்து லண்டன் வந்து சேர்வதற்குள் பார்சிலோனா விழுந்துவிட்டது.

மாதா சிலையைப் படைத்தலைவராக நியமித்தார்கள் என்பது கட்டுக்கதையா?

கதையல்ல. செப்டம்பர் தொடக்கத்தில் மதிலில் பெரிய உடைப்புகள் விழுந்திருந்தன. ரொட்டி அரிதாகிவிட்டது. பெர்விக் சரணடையும்படி அழைத்தார். பேசிப் பார்க்கலாம் என்பது விய்யரோயெலின் கருத்து. காசனோவாவும் காலம் கேட்டுப் பார்க்கலாம் என்றே நினைத்தார். நகர அவை மறுத்தது. விய்யரோயெல் பதவி விலகினார். அந்த இடத்துக்கு நகரத்தின் காவல் தெய்வமான மெர்சே மாதாவையே தலைமைத் தளபதியாக அறிவித்தார்கள். பசியிலும் குண்டு மழையிலும் ஓராண்டைக் கடந்த ஒரு கூட்டம் கடைசியாகப் பற்றிக்கொண்ட கை அது. அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் 11 அன்று நடந்தது என்ன?

விடியற்காலை நாலரை மணி அளவில் எல்லா உடைப்புகள் வழியாகவும் ஒரே நேரத்தில் படை ஏறியது. நகரத்தின் மணிகள் அபாயம் ஒலித்தன. சான்ட் பெரே கொத்தளம் பதினொரு முறை கைமாறியதாகச் சொல்வார்கள். காசனோவா நகரத்தின் புனிதக் கொடியான சாந்தா எயுலாலியா கொடியை ஏந்தி மதிலுக்குப் போனார். அந்தக் கொடி வெளியே வந்தால் நகரம் உயிராபத்தில் இருக்கிறது என்று பொருள். தொடையில் குண்டு பாய்ந்து அவரைத் தூக்கிச் சென்றார்கள். பதவி விலகிக் கப்பலுக்குக் காத்திருந்த விய்யரோயெல், சத்தம் கேட்டதும் திரும்பி வந்து படையை நடத்தினார். போர்ன் பகுதியில் குதிரைப்படையோடு பாய்ந்தபோது அவரும் காயப்பட்டு விழுந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு ஆயுதம் ஏந்தக்கூடிய அனைவரையும் அழைத்து நகரம் கடைசி அறிவிப்பை வெளியிட்டது. பிறகு பேச்சு தொடங்கியது. 13ஆம் தேதி எதிரிப்படை நகரத்துக்குள் நுழைந்தது.

நகரம் சூறையாடப்பட்டதா?

இல்லை. மோன்ட்ஜுயிக், கார்தோனா கோட்டைகளையும் ஒப்படைத்தால் உயிரும் உடைமையும் காக்கப்படும் என்று பெர்விக் வாக்குக் கொடுத்தார். கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொண்டார். இதை அவர் கணக்கில் வரவு வைப்பதுதான் நேர்மை. ஆனால் சில நாட்களில் விய்யரோயெலும் மற்ற படை அதிகாரிகளும் கைதானார்கள்.

தலைவர்கள் என்ன ஆனார்கள்?

விய்யரோயெல் பத்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் 1725இல் செய்துகொண்ட வியன்னா உடன்படிக்கைக்குப் பிறகுதான் வெளியே வந்தார். மறு ஆண்டே இறந்தார். காசனோவா இறந்துவிட்டதாகப் போலிச் சான்றிதழ் தயாரித்து அவரை ஊருக்கு வெளியே கடத்தினார்கள். 1719இல் மன்னிப்புக் கிடைத்தபின் மீண்டும் வழக்கறிஞர் தொழில் பார்த்து 1743இல் சான்ட் போய் ஊரில் காலமானார்.

ஜோசெப் மொராகெஸ் கதை வேறு. சரணடைந்த பின் மயோர்க்காவுக்குத் தப்ப முயன்ற தளபதி அவர். 1715 மார்ச்சில் பிடித்துக் கொன்று, தலையை இரும்புக் கூண்டில் வைத்து, நகரத்தின் கடல் வாசலில் தொங்கவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அது அங்கேயே தொங்கியது. மனைவி மக்தலேனா ஜிரால்ட் மனுக்கொடுத்து மன்றாடி, 1727இல்தான் அதை இறக்க முடிந்தது. மனிதன் இறந்து அடங்கிய பிறகும் அவன் மனைவி அந்த வாசலைக் கடக்க வேண்டியிருந்த பன்னிரண்டு ஆண்டுகளை எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

கேட்டலோனியா எதை இழந்தது?

நூற்றுவர் அவை, நாடாளுமன்றம், ஜெனரலிட்டாட் என்ற அரசு அமைப்பு எல்லாம் கலைக்கப்பட்டன. 1716 ஜனவரியில் வெளியான ‘புதிய அமைப்பு’ ஆணை, நாட்டைப் படைத்தளபதி ஒருவரின் ஆட்சிக்குக் கீழே கொண்டுவந்தது. உயர்நீதிமன்ற வழக்குகள் ஸ்பானிய மொழிக்கு மாறின. புதிய நிலவரி வந்தது. பல்கலைக்கழகத்தை பார்சிலோனாவிலிருந்து எடுத்து, பிலிப்பின் பக்கம் நின்ற செர்வேரா ஊருக்குக் கொடுத்தார்கள். உரிமையியல் சட்டத்தில் ஒரு பகுதி மட்டும் தப்பியது.

மக்கள் உடம்பில் பட்ட அடி வேறொன்று. நகரத்தைக் கண்காணிக்க ஐங்கோண வடிவில் ஒரு பெருங்கோட்டை கட்டினார்கள். அதற்காக லா ரிபேரா பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. கடைசிவரை போராடிய அதே தெருக்கள். வீட்டை இடிக்கும் வேலை வீட்டுக்காரர்கள் தலையிலேயே விழுந்தது. வீடிழந்தவர்களை மனத்தில் வைத்துக் கடலோரத்தில் பார்சிலோனெட்டா குடியிருப்பு தொடங்கியது 1753இல்; இடித்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

அப்படியானால் இது ஸ்பெயினுக்கும் கேட்டலோனியாவுக்கும் நடந்த போரா?

அப்படிச் சுருக்கினால் பாதி உண்மை போய்விடும். செப்டம்பர் 11இன் கடைசி அறிவிப்பு, மன்னருக்காகவும் (அவர்களுக்கு மன்னர் ஆஸ்திரியச் சார்லஸ்) தாயகத்துக்காகவும் ‘ஸ்பெயின் முழுவதின் விடுதலைக்காகவும்’ உயிரைக் கொடுக்கும்படி மக்களை அழைத்தது. உடைப்பில் காஸ்டீலியர்கள் விழுந்தார்கள். பிலிப்பை ஆதரித்த கேட்டலோனிய ஊர்களும் இருந்தன. ஸ்பெயினை எப்படி ஆள்வது என்பதில் இரண்டு முறைகள் மோதின. ஒரு முறை முற்றாக அழிந்தது. அழிந்த முறையை வாழ்க்கையாகக் கொண்டிருந்த மக்கள் கேட்டலோனியர்கள் என்பதால் அந்த இழப்பு அவர்கள் பெயரில் நிற்கிறது. இன்றைய அரசியலில் இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது, உடைப்பில் நின்ற தையற்காரருக்காக வருத்தப்படுகிறேன்.

தோற்ற நாளை எதற்குக் கொண்டாட வேண்டும்?

கொண்டாட்டம் என்பதைவிட நினைவு நாள் என்பது பொருந்தும். காசனோவாவின் சிலை 1888இல் எழுந்தது. செப்டம்பர் 11 அன்று அதன் அடியில் மலர் வைப்பது வழக்கமானது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் 1939இல் சிலையை அகற்றினார்கள். 1977இல் அது திரும்பி வந்தது. 1980இல் மீண்டும் அமைந்த கேட்டலோனிய நாடாளுமன்றம் இயற்றிய முதல் சட்டமே அந்த நாளைத் தேசிய நாளாக்கியது.

பார்சிலோனா போனால் எதைப் பார்க்க வேண்டும்?

சாந்தா மரியா டெல் மார் தேவாலயத்தின் பக்கவாட்டில் செங்கல் பாவிய ஒரு சிறு சதுக்கம் இருக்கிறது. ஃபொஸ்ஸார் டெ லெஸ் மொரேரெஸ் என்று பெயர். முற்றுகையில் இறந்தவர்களைப் புதைத்த இடம் என்று போற்றுகிறார்கள். அணையா விளக்கு எரிகிறது. பெருங்கோட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு இன்று பூங்காவாக இருக்கிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

ஆனால் நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் போர்ன் சந்தைக்குப் போங்கள். 1876இல் எழுந்த இரும்புக் கூரைச் சந்தை. அதை நூலகமாக மாற்றலாம் என்று தோண்டியபோது இடிக்கப்பட்ட லா ரிபேரா அடியில் கிடந்தது. நூலகத் திட்டத்தைக் கைவிட்டு, 2013இல் அந்த இடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மேலே நடைபாதையில் நின்று குனிந்து பார்த்தால் தெருக்கள் தெரியும். வாசற்படிகள், அடுப்படிகள், கிணறுகள், ஊருக்கு நீர் கொண்டுவந்த ரெக் கொம்த்தால் வாய்க்கால், இளைஞர்கள் பந்தாடிய கூடம். மண்ணிலிருந்து எடுத்த புகைக்குழாய்களும் பீங்கான் கோப்பைகளும் பீரங்கிக் குண்டுகளும் பக்கத்திலேயே காட்சிக்கு இருக்கின்றன.